பெரம்பூர் ரயில் பட்டறை நடை: கூரையையும் தூணையும் படிக்கக் கற்றுத்தரும் ஞாயிறு காலை

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் (பெட்டிப் பட்டறை) ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்குக் கூடி, லோகோ ஒர்க்ஸ் (எஞ்சின் பட்டறை) வரை நடந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து நியூ ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் முடிகிற வழிகாட்டி நடை இது. ரயில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். பட்டறைக்குள் அழைத்துப் போக மாட்டார்கள், போகவும் முடியாது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே நுழையும் வளாகங்கள் அவை. எனவே ரயில் பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்குவதை நேரில் பார்க்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மதிலுக்கு மேலே தெரியும் கூரையையும், கையில் கொடுக்கிற குறுக்குவெட்டுப் படத்தையும் வைத்து, உள்ளே என்ன வேலை எங்கே நடக்கும் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த நடையின் நோக்கம். அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறுகிறது. முக்கியமான ஓரிரு இடங்களில் மட்டும் சொல்வது தவறு.

முதல் கால்மணி நேரம் ஷெட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள வேறுபாடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வட சென்னையில் இரண்டுமே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ராயபுரத்தில் மின்சார எஞ்சின் ஷெட், தண்டையார்பேட்டையில் டீசல் ஷெட், பேசின் பிரிட்ஜில் பெட்டிகளைக் கழுவி, சோதித்து, அடுத்த ஓட்டத்துக்கு அனுப்பும் டிப்போ. இவை எல்லாம் நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வரும் வேலைக்கு. பெரம்பூர் அப்படியல்ல. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் ஐசிஎஃப் (பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டி ஒன்று 18 மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, உடல் வேறு, போகி (சக்கரங்களைப் பிடிக்கும் அடிச்சட்டம்) வேறு, சக்கரம் வேறு என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் சேரும். இதற்குத்தான் பி.ஓ.எச். (பீரியாடிக் ஓவர்ஹால், காலமுறைப் பழுதுபார்ப்பு) என்று பெயர். ஷெட்டில் வண்டி முழுசாக நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் வண்டி என்று ஒன்று இருக்காது, பாகங்கள்தான் இருக்கும். கட்டட அமைப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது. வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறார், அவசரப்படாமல் சொல்கிறார்.

அடுத்து கூரை. நடையின் சிறந்த பகுதியும் இதுதான், பெரிய பிழையும் இதில்தான்.

பட்டறைக் கூரைகளில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முகட்டின் மேல் இன்னொரு குட்டிக்கூரை நீளவாக்கில் ஓடி, அதன் இரு பக்கமும் சாய்பலகைத் திறப்புகள் இருந்தால் கீழே நெருப்பு வேலை: கொல்லுப்பட்டறை, வார்ப்படம், நீராவிக் காலமென்றால் எஞ்சின் பூட்டும் கூடம். புகையும் சூடும் தானாக மேலேறி வெளியேற அந்தத் திறப்புகள். கூரை ரம்பப் பல்லாக வரிசை போட்டு, ஒவ்வொரு பல்லின் செங்குத்து முகத்திலும் கண்ணாடி இருந்தால் கீழே லேத்தும் அளவுக் கருவியும்: கடைசல், பொருத்து வேலை. மூன்றாவதாக, நாலு பக்கமும் அடைத்து, உயரமும் அதிகமில்லாமல் இருந்தால் பெயின்ட் ஷாப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஈரப் பூச்சில் தூசி படியக்கூடாது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பழைய ரயில் பட்டறைகள் பலவற்றின் வான்படத்தை ஓரளவு படித்துவிடலாம்.

ரம்பப் பல் கூரைக்கு வந்ததும் படத்தைக் காட்டி வழிகாட்டி சொல்வது: "கண்ணாடி வடக்கப் பாத்து இருக்கும் சார், அதனால வெயில் உள்ளயே வராது, வெளிச்சம் மட்டும்தான் வரும்." இது இங்கிலாந்துக்குப் பொருந்தும். க்ரூ, ஸ்விண்டன் போன்ற பட்டறை ஊர்களில் நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கே நிற்கும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், நம் ஊரில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று சுமார் 10 பாகை வடக்கு. வருடத்தின் கடும் கோடை இந்த நான்கு மாதத்துக்குள்தான் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். 1.5 மீட்டர் உயரக் கண்ணாடி செங்குத்தாக நின்றால், ஜூன் நண்பகலில் அது தரையில் விழவிடும் வெயில் பட்டையின் அகலம் சுமார் 28 சென்டிமீட்டர். மேலே கூரையை 30 சென்டிமீட்டர் இறக்கி நீட்டிவிட்டால் அதுவும் நின்றுவிடும். அதே கண்ணாடியை ஆங்கிலேயப் பாணியில் 60 பாகைக்குச் சாய்த்து வைத்தால் பட்டை ஒரு மீட்டர் ஆகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மீட்டர் அகலத்தில், பட்டறை நீளம் முழுக்க நேர் வெயில். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஜூன் சூரியன் வடகிழக்கிலும் வடமேற்கிலும் நிற்பதால், அந்நேரங்களில் செங்குத்துக் கண்ணாடியும் தப்பாது. அதற்குப் பக்கவாட்டுத் தடுப்போ, கண்ணாடிக்குச் சுண்ணாம்பு பூசுவதோதான் வழி. எனவே நம் ஊரில் ரம்பப் பல் கூரை ஒன்றைப் பார்க்கும்போது கேட்கவேண்டியவை மூன்று: கண்ணாடி எத்தனை பாகை சாய்வு, மேலே நீட்சி எவ்வளவு, கண்ணாடி தெளிவானதா பூச்சு அடித்ததா. இந்த மூன்றும் நடையில் பேசப்படுவதே இல்லை.

லேத் வேலைக்கு வெயில் ஏன் கெடுதல் என்பதையும் சொல்லியிருக்கலாம். கண் கூசுவது மட்டும் அல்ல காரணம். பெட்டிச் சக்கரத்தின் அச்சு முனையில் ரோலர் பேரிங் ஏறும் இடம் 130 மி.மீ. விட்டம். அச்சு வெயிலில் கிடந்து, அளக்கிற மைக்ரோமீட்டர் நிழலில் இருந்தால், 10 டிகிரி வேறுபாட்டுக்கே 0.016 மி.மீ. அளவு மாறிவிடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இறுக்கம் பார்க்கிற இடத்தில் அது பெரிய தப்பு. அச்சை அளக்கும் முன் கருவியோடு சேர்த்து நிழலில் போட்டுவைப்பது அதனால்தான்.

இனி மழை. கூரை பற்றிய பேச்சில் தண்ணீர் வரவே இல்லை என்பதுதான் வியப்பு, அதுவும் வடகிழக்குப் பருவமழை ஊரில். ரம்பப் பல் கூரையின் ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே ஒரு பள்ளத் தாழ்வாரம், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், ஓடும். 9 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் அந்த ஒற்றைத் தாழ்வாரத்துக்கு மணிக்கு 54,000 லிட்டர் தண்ணீர், அதாவது நொடிக்கு 15 லிட்டர் வருகிறது. வெளிச்சுவர் இல்லாத நடுப்பகுதியில் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுமானத்தில் அதற்கு ஒரு விடை உண்டு: உள்ளே குழியான வார்ப்பிரும்புத் தூண். கூரையைத் தாங்கும் தூணே மழைக்குழாயும் ஆகிறது. அழகான யோசனை, ஆனால் அது கெடுவதும் கண்ணுக்குத் தெரியாமல்தான் கெடுகிறது. இலையும் கரியும் சேர்ந்து அடிவளைவில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தூணுக்குள்ளேயே நின்று உள்பக்கம் துருவை ஏற்றும். பிறகு தூணடி இணைப்பில் கசிந்து அஸ்திவார போல்ட்டைத் தின்னும். தூண் அடியில் வளையமாகத் துருக்கறை தெரிந்தால் உள்ளே அடைப்பு என்று அர்த்தம். பழைய பட்டறைகள் பலவற்றில் தூணை ஒட்டித் தனிக் குழாய் இறக்கியிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதைச் செய்தவர்கள் தூணைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தூண்கள் பற்றி வழிகாட்டி சொல்வது நன்றாக இருக்கிறது. மேலே ஓடும் கிரேனுக்கான தாங்கல் தூணிலேயே வார்த்திருந்தால் கட்டடம் கட்டும்போதே கிரேன் நினைத்துக் கட்டியது. பழைய தூணை ஒட்டி ரிவெட் அடித்த எஃகுத் தூண் இரண்டாவதாக நின்றால், பாரம் தூக்கும் வேலை பின்னால் வந்தது. இன்று லோகோ ஒர்க்ஸில் நடப்பது மின்சார எஞ்சின்களின் பி.ஓ.எச். வேலை. டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் முழுசாக 123 டன். போகிகளைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் தூக்கினாலும், ஒரு முனைக்கு ஒன்றாக இரண்டு கிரேன்கள் ஒரே வேகத்தில் ஏறவேண்டும். ஒன்று முந்தினால் பாரம் மற்றதன் பக்கம் சாயும். நீராவிக் காலத்துக்கு வார்த்த தூண் இந்தப் பாரத்துக்குக் கணக்கிடப்பட்டதே இல்லை. தூணின் மேல்பகுதியில் வெறுமனே நிற்கும் இரும்புக் கொக்கிகளையும் படத்தில் காட்டுகிறார். ஒரே நீராவி எஞ்சினோ ஒரே பெரிய மோட்டாரோ சுற்றிய நீண்ட தண்டு அதில் தொங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் தோல் பெல்ட் இறங்கியது. பழைய இயந்திரக் கூடங்கள் குறுகலாக இருப்பதற்கு இந்தத் தண்டு ஒரு முக்கியக் காரணம். நீளமான தண்டு முறுக்கிக்கொள்ளும், பேரிங் ஒன்று கோணினால் வரிசை முழுக்க நிற்கும். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்தபிறகுதான் கூடங்கள் அகலமாயின.

எஞ்சின் பூட்டும் கூடத்தின் இரண்டு அமைப்புகளையும் ஒப்பிட்டுச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், இந்த ஒப்பீடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. குறுக்குக் கூடத்தில், எஞ்சினை மேலே நிறுத்தி அடியில் வேலை செய்யும் குழிகள் பக்கத்துப் பக்கத்தில், கூடத்தின் நீளத்துக்குக் குறுக்காக இருக்கும். வெளியே டிராவர்சர் என்கிற நகரும் மேடை பக்கவாட்டில் ஓடி, எந்தக் குழிக்கு வேண்டுமோ அங்கே எஞ்சினைக் கொண்டுபோய் விடும். எந்த எஞ்சின் முடிந்தாலும் மற்றதைத் தொடாமல் எடுத்துவிடலாம். ஆனால் டிராவர்சர் ஒரு நாள் நின்றால் பட்டறை முழுக்க நின்றது. நீளக் கூடத்தில் தண்டவாளங்கள் நீளவாக்கிலேயே ஓடும். நடுத்தடத்தில் வந்த எஞ்சினை கிரேன் தூக்கி, மற்ற எஞ்சின்களின் தலைக்கு மேலேயே கொண்டுபோய் இடத்தில் வைக்கும். டிராவர்சர் வேண்டாம், ஆனால் கட்டடம் இரண்டு எஞ்சின் உயரத்துக்கு மேல் எழும்பவேண்டும், தூணும் அஸ்திவாரமும் அதற்கேற்பத் தடிக்கும்.

பெட்டிப் பட்டறையில் டிராவர்சருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஐசிஎஃப் வகைப் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், பின்னால் வந்த ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டி 23.5 மீட்டர். இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதல். ஐசிஎஃப் பெட்டிக்கு அளந்து செய்த மேடையில் எல்.எச்.பி. பெட்டியின் சக்கரங்கள் நிற்க இடம் போதாமல் போகலாம். நின்றாலும் முனைகள் நீட்டிக்கொண்டு பக்கத்துத் தூணில் இடிக்கும். மேடையை நீட்டினால் அது ஓடும் பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டும், பள்ளத்தை அகலப்படுத்த இரு பக்கக் கூடங்களின் வாசலையும் தள்ளிக் கட்டவேண்டும். வண்டியின் வடிவம் மாறும்போது எந்த ஒர்க்‌ஷாப்பும் சந்திக்கும் செலவு இது.

பெட்டி பற்றிய பகுதி மொத்தத்தில் பலவீனமானது. எஞ்சின் மேல் உள்ள ஆசையில் கேரேஜ் ஒர்க்ஸைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் பழமை இங்கேதான் அதிகம். 1856ல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் தடம் ஜூலை 1 அன்று திறந்த அதே ஆண்டில், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பெரம்பூரில் இந்தப் பட்டறையைத் தொடங்கியது. மரப்பெட்டிக் காலத்தில் இத்தகைய பட்டறையின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொள்வது இயந்திரம் அல்ல, மரம். தேக்குப் பலகையைக் காற்றில் உலர்த்த, அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மூன்று அங்குலச் சட்டம் வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு முன்பே மரம் வந்து அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் சுவரில்லாத, காற்றோடும் நீண்ட கொட்டகைகள் பெட்டிப் பட்டறைகளின் அடையாளமாக இருந்தன. 1955 அக்டோபர் 2ல் நேரு திறந்துவைத்த ஐசிஎஃப், சுவிஸ் தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியபோது ஒர்க்‌ஷாப்பின் வேலையே திசைமாறியது. மர அறுவைக்கு இருந்த இடம் வெல்டிங்குக்குப் போனது, உளுத்துப்போன சட்டத்துக்குப் பதில் துருப்பிடித்த தகடு. துரு எங்கே முதலில் வரும் என்று இந்த வேலை தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்: கழிப்பறைக்குக் கீழ், வாசற்படி ஓரம், பக்கச்சுவர் அடிச்சட்டத்தோடு சேரும் கோடு. மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே ஒட்டுப்போட்டால் இரண்டு தகடுக்கும் நடுவே தண்ணீர் தேங்கி இன்னும் வேகமாகத் தின்னும். கெட்டதை வெட்டி எடுத்து நல்ல தகடு வரை போய்த்தான் வெல்டிங் செய்ய வேண்டும்.

வரலாற்றை ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்: 1908ல் எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வே, 1951ல் தெற்கு ரயில்வே. சரிதான். 1932ல் ஆட்குறைப்பை எதிர்த்து எம்.எஸ்.எம். தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைச் சொல்லாமல் பெரம்பூர் பட்டறையின் கதையைச் சொல்லி முடிக்கக்கூடாது. சுற்றியுள்ள தெருக்களும் குடியிருப்புகளும் அந்தத் தொழிலாளர்களால் ஆனவை. இதைச் சேர்க்கவேண்டும் என்பது என் அழுத்தமான கோரிக்கை.

லோகோ ஒர்க்ஸ் பக்கம் வந்ததும் ஃபேரி குவீன், இ.ஐ.ஆர்.-21 இரண்டின் கதை. இரண்டுமே 1855ல் லீட்ஸ் நகரத்தில் கட்டப்பட்ட எஞ்சின்கள். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸின் கைவண்ணத்தில் ஒன்று 1997லும் மற்றது 2010லும் மீண்டும் நீராவி கட்டி ஓடின. இந்த இடத்தில் பேச்சில் பெருமை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் பழைய எஞ்சினை ஓட்டுவது என்றால் முதல் கேள்வி பாய்லர் என்பதை விளக்கவேண்டும். தகட்டின் கனம் எங்கே தேய்ந்திருக்கிறது, நெருப்புப்பெட்டியின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் பிடிக்கும் தாங்கு கம்பிகளில் எவை முறிந்திருக்கின்றன என்று பார்க்கவேண்டும். தாங்கு கம்பியின் முனையில் சிறு துளை போட்டிருப்பார்கள். கம்பி உள்ளே முறிந்தால் அந்தத் துளை வழியே நீராவி பீறிட்டுக் காட்டிக்கொடுக்கும். துளையை யாராவது அடைத்துவிட்டால் முறிவே தெரியாது. எல்லாம் முடிந்தபின் பாய்லர் முழுக்கக் குளிர்ந்த நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பார்கள். நீர் அழுத்தத்தில் கிட்டத்தட்டச் சுருங்காது, அதனால் தகடு கிழிந்தாலும் கசியுமே தவிர வெடிக்காது.

அருங்காட்சியகத்தில் வெளியே நிற்கும் நீராவி எஞ்சின்களை வழிகாட்டி சேர்த்துக் காட்டிவிட்டு உள்ளே போகிறார். நீங்கள் போகாதீர்கள். ஒரு எஞ்சினின் பெரிய சக்கரத்தருகே உட்கார்ந்து விளிம்பைப் பாருங்கள். ஆரங்களோடு சேர்ந்த நடுச்சக்கரம் வேறு, அதன் மேல் போட்ட எஃகு வளையம் வேறு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடு தெரியும். 1,500 மி.மீ. விட்டமுள்ள நடுச்சக்கரத்துக்கு வளையத்தின் உள்விட்டத்தைச் சுமார் 1.5 மி.மீ. குறைத்துக் கடைவார்கள். வளையத்தை 250 டிகிரி கூட்டிச் சூடேற்றினால் 4.5 மி.மீ. விரியும், 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும், அந்தச் சில நிமிடத்துக்குள் சக்கரத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக் அழுத்தியே வந்தால் வளையம் மறுபடி சூடாகி இளகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வளையத்திலிருந்து நடுச்சக்கரம் வரை குறுக்காகப் பெயின்ட் கோடு போடுவது. கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் நழுவியது. சுத்தியலால் தட்டினால் மணியாக ஒலிக்கவேண்டியது மந்தமாகக் கேட்கும். இன்றைய பெட்டிகளின் சக்கரம் ஒரே துண்டு எஃகு. அருகில் நிற்கும் பெட்டி எதிலாவது ஒப்பிட்டுப் பார்த்தால் கோடு இருக்காது.

கொடுக்கும் அச்சுத்தாள் தரமானது, அளவுகள் மீட்டரில் இருக்கின்றன. ஆனால் வடக்குத் திசை குறிக்கப்படவில்லை. கூரை பேசுகிற தாளில் அது இல்லாமல் இருக்கக்கூடாது. ஒருவர் மட்டும் பேசுவதால், ரயில் கடக்கும்போது பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி கேட்காது, முன்னாலேயே நில்லுங்கள். குழந்தைகளுக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் பொறுமை இருக்கும். எஞ்சினியரிங் மாணவர்களுக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். படமெடுக்க மட்டும் வருகிறவர்களுக்கு வேண்டாம், மதில் மேலாக வளாகத்தைப் படமெடுக்க அனுமதி கிடையாது.

ஜனவரி, பிப்ரவரி சரியான மாதங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், வழியில் நிழல் குறைவு. அருங்காட்சியக டிக்கெட்டும் ஆட்டோ செலவும் நடைக் கட்டணத்தில் சேராது. சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி பக்கம் போகும் லோக்கலில் வரலாம். ஃபாஸ்ட் வண்டிகள் கேரேஜ் ஒர்க்ஸில் நிற்காது என்பதால் ஸ்லோ வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.